எந்த நாராயணன், எந்த ராதாகிருஷ்ணன்? ஒரே பெயர் கொண்ட பொது மனிதர்களைப் பிரித்தறிவது எப்படி

2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவராக வி. நாராயணன் பொறுப்பேற்றார். குமரி மாவட்டம் மேலக்காட்டுவிளையில் பிறந்தவர், தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர், ராக்கெட் எஞ்சின் துறையில் வளர்ந்தவர். செய்தியை மேலோட்டமாகப் படிக்கும் எவருக்கும் அடுத்த நொடியே ஒரு சந்தேகம் எழும்: முன்பு உளவு வழக்கில் கைதாகி, பிறகு நிரபராதி என்று தெரியவந்தாரே, அந்த நாராயணனா இவர்?

இல்லை. அவர் வேறு, இவர் வேறு. ஆனால் சந்தேகம் வருவதில் தவறே இல்லை. பெயர், சொந்த மாவட்டம், நிறுவனம், துறை எல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. இந்த ஒரு சிக்கலைப் பிரித்துப் பார்த்தால், தெற்காசியா முழுவதும் ஒரே பெயர்க்காரர்கள் ஏன் இத்தனை பேர் இருக்கிறார்கள், அதனால் என்னென்ன விளைகிறது என்பதும் புரியும்.

ஒரே ராக்கெட்டில் இரண்டு நாராயணன்கள்

நம்பி நாராயணன் 1941-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். திரவ எரிபொருளில் இயங்கும் 'விகாஸ்' எஞ்சினை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1994-ல் கிரையோஜெனிக் (கடுங்குளிர் நிலையில் வைக்கப்படும் எரிபொருள்) பிரிவின் பொறுப்பில் இருந்தபோது, ராக்கெட் ரகசியங்களை வெளிநாட்டுக்கு விற்றதாகக் கேரளப் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு பொய் என்று 1996-ல் சி.பி.ஐ. சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2019-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

வி. நாராயணன் அடுத்த தலைமுறை. 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்தவர். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியல் படித்தவர். எல்.வி.எம்.3 ராக்கெட்டின் மேல் அடுக்கான 'சி25' திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர். 2018 முதல் திரவ உந்துகை அமைப்புகள் மையத்தின் இயக்குநர், அப்புறம் இஸ்ரோ தலைவர்.

2023 ஜூலையில் சந்திரயான்-3-ஐ ஏந்திச் சென்ற ராக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடு அடுக்கில் எரிந்தவை இரண்டு விகாஸ் எஞ்சின்கள். அதற்கு மேலே, மைனஸ் 253 டிகிரி குளிரில் வைக்கப்பட்ட திரவ ஹைட்ரஜனை எரித்தது சி25. ஒரு நாராயணனின் உழைப்பின் மேல் இன்னொரு நாராயணனின் உழைப்பு உட்கார்ந்து நிலவுக்குப் போனது. இது குமரி மாவட்டத்துக்குப் பெருமையான விஷயம். இரண்டு பேரையும் ஒருவராக்கிச் சொன்னால் அந்தப் பெருமையில் பாதி காணாமல் போய்விடுகிறது. அதைவிட முக்கியமாக, ஒருவர் மீது சுமத்தப்பட்ட பொய் வழக்கின் நிழல் சம்பந்தமே இல்லாத இன்னொருவர் மேல் விழுகிறது. அந்த வழக்கால் நம்பி நாராயணன் பட்ட பாட்டை அறிந்தவர்கள் இதைச் சின்னத் தவறு என்று ஒதுக்க மாட்டார்கள்.

அடிப்படை: பெயரை எப்படி அமைக்கிறோம்?

மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் மற்றது எளிது.

1. முன்னெழுத்து, அதாவது இனிஷியல். தமிழரிடையே குடும்பப் பெயர் வழக்கம் மிகக் குறைவு. சொந்தப் பெயருக்கு முன்னால் தந்தையின் பெயரில் முதல் எழுத்தைப் போடுகிறோம். பழைய தலைமுறையில் ஊரின் எழுத்தும் சேர்ந்து வரும். சி.என். அண்ணாதுரையின் 'சி', காஞ்சிபுரத்தின் பழைய ஆங்கிலப் பெயரான 'கான்ஜீவரம்' (Conjeevaram) தந்த எழுத்து, 'என்' தந்தை நடராசன். ஈ.வெ. ராமசாமியில் ஈரோடு இருக்கிறது.

2. குடும்பப் பெயர். வட இந்தியாவில் பல சமூகங்களில் தலைமுறை தலைமுறையாக வருவது. ஆனால் குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தால் உறவினர் என்று அர்த்தமில்லை. இந்திரா காந்தியின் 'காந்தி', பார்சி சமூகத்தைச் சேர்ந்த கணவர் பெரோஸ் காந்தி வழியாக வந்தது. மகாத்மாவின் குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஷாருக், சல்மான், ஆமிர் மூவரும் 'கான்', மூவரும் 1965-ல் பிறந்தவர்கள், மூவரும் வெவ்வேறு குடும்பம்.

3. அடைமொழி. ஊர், பட்டம், தொழில், நடித்த வேடம் என ஏதோ ஒன்று பெயரோடு ஒட்டிக்கொண்டு ஆளை அடையாளம் காட்டுவது.

ஆக, நம்முடைய பெயரில் ஒருவரைத் தனித்துக் காட்டுவது பெரும்பாலும் முன்னால் வரும் அந்த ஓர் எழுத்துதான். தலைப்பில் இடமில்லை என்று முதலில் வெட்டப்படுவதும் அதே எழுத்துதான். குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. முன்னெழுத்தை ஆங்கிலத்திலிருந்து எடுப்பதால் நாமே அதை மழுங்கடிக்கிறோம். இஸ்ரோவின் முன்னாள் தலைவர், நாகர்கோவில் அருகே மேலச்சரக்கல்விளையைச் சேர்ந்த சிவனை 'கே. சிவன்' என்றே எழுதுகிறோம். அந்த 'கே' தந்தை கைலாசவடிவின் பெயரிலிருந்து வந்தது. தமிழில் எழுதினால் 'கை. சிவன்'. ஆங்கிலத்தின் ஒரே 'கே' எழுத்துக்குள் க, கா, கி, கு, கை, கோ எல்லாம் அடங்கிவிடும். தமிழில் எழுதினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். அரசு ஆவணங்களில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணையிட்டது. மொழிப்பற்று ஒருபுறம் இருக்கட்டும், ஆளைப் பிரித்தறியவும் அது உதவும்.

ஏன் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது?

குலதெய்வம், ஊர்க் கோயில், புனிதர், தலைவர் என்று ஒரு பொதுக் கிணற்றிலிருந்துதான் ஊரே பெயரை இறைக்கிறது. குமரி மாவட்டத்தில் சுசீந்திரம் தாணுமாலயன் இருப்பதால் தாணு என்ற பெயர் உண்டு. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலும், அய்யா வைகுண்டரை நாராயணரின் அவதாரமாக வணங்கும் சாமித்தோப்பு மரபும் இருக்கிற ஊரில் நாராயணன்களுக்குப் பஞ்சமில்லை. கோட்டாறு சவேரியார் பேராலயத்தைச் சுற்றி சேவியர்கள். 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் பெயரைத் தாங்கியவர்கள் பல குடும்பங்களில் இருக்கிறார்கள்.

தலைவர்களின் பெயரை வைப்பது இன்னொரு வழி. சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்த 1953 மார்ச்சில் பிறந்த குழந்தைக்குத்தான் மு. கருணாநிதி ஸ்டாலின் என்று பெயர் வைத்தார். 2021-ல் அமைந்த தமிழகச் சட்டமன்றத்தில் நாகர்கோவில் உறுப்பினர் எம்.ஆர். காந்தி, பா.ஜ.க.; ராணிப்பேட்டை உறுப்பினர் ஆர். காந்தி, தி.மு.க. அமைச்சர். இரண்டு எதிர்முகாம்களிலும் காந்தி இருந்தார். 'காந்தி பேரவையில் பேச்சு' என்று மட்டும் தலைப்பு வந்தால் எந்தக் கட்சியின் கருத்து என்று யாருக்கும் தெரியாது.

ஊரை முன்னால் வைத்தவர்கள்

இந்தச் சிக்கலுக்கு நம் மக்கள் கண்ட விடை அடைமொழி. அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த அனந்தன், 'குமரி' அனந்தன் ஆனார். க. சுப்பிரமணியம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் இருப்பார்கள். வீரநாராயணமங்கலத்தில் பிறந்த எழுத்தாளர் க. சுப்பிரமணியம் 'நாஞ்சில் நாடன்' ஆனதும் அவர் ஒருவர்தான். மனோகரனுக்கு முன்னால் 'நாஞ்சில்', தேசிக விநாயகம் பிள்ளைக்கு முன்னால் 'கவிமணி', என்.எஸ். கிருஷ்ணனுக்கு முன்னால் 'கலைவாணர்'. எல்லைக்கு அப்பால் 'பினராயி' விஜயனும் அதே வழிதான். பினராயி கண்ணூர் மாவட்டத்து ஊர். தமிழ்த் திரையில் ஒரே காலத்தில் இரண்டு கணேசன்கள் உச்சத்தில் இருந்தும் ரசிகர்களுக்குக் குழப்பமே வரவில்லை. ஒருவருக்கு அவர் ஏற்ற வேடத்தின் பெயர் சிவாஜி, இன்னொருவருக்கு அவர் வேலை பார்த்த ஸ்டுடியோவின் பெயர் ஜெமினி.

அடைமொழி என்றாலே புகழ்ச்சி என்று நினைக்கிறோம். பாதிக்கு மேல் அது முகவரிதான்.

அந்த முகவரி உதிர்ந்தால் என்னவாகும் என்பதற்கு நேசமணியின் பெயரே சாட்சி. குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு 1956 நவம்பர் 1-ல் இணைந்ததில் மார்ஷல் ஏ. நேசமணியின் பங்கு எவ்வளவு பெரியது என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019 மே மாதம் சமூக ஊடகங்களில் உலக அளவில் 'நேசமணி' முன்னணிக்கு வந்தது. அது வடிவேலு நடித்த ஒரு நகைச்சுவைக் கதாபாத்திரத்தின் பெயர். அன்று இணையத்தில் அந்தப் பெயரைத் தேடிய பள்ளிப் பிள்ளைக்கு அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களுக்காகப் போராடியவர் கண்ணில் பட்டிருப்பாரா? 'மார்ஷல் நேசமணி' என்று முழுதாகத் தட்டச்சு செய்தால்தான் வருவார். அவர் பெயரை எழுதும்போதெல்லாம் அந்த ஒரு சொல்லை விடாமல் எழுத வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ராதாகிருஷ்ணன்கள்: ஒரே கட்சி, ஒரே அவை

நாகர்கோவில்காரர்களிடம் ராதாகிருஷ்ணன் என்றால் 'நம்ம பொன்னார்' என்பார்கள். 2025 செப்டம்பரில் ராதாகிருஷ்ணன் ஒருவர் குடியரசுத் துணைத் தலைவரானார். அவர் பொன்னார் இல்லை, திருப்பூரைச் சேர்ந்த சி.பி. ராதாகிருஷ்ணன்.

இவர்களைக் குழப்பிக்கொள்ள நிறைய இடமுண்டு. இருவரும் பா.ஜ.க. இருவரும் தமிழக பா.ஜ.க.வின் மாநிலத் தலைவராக இருந்தவர்கள். 1999 தேர்தலில் இருவருமே மக்களவைக்குப் போனார்கள்: பொன். ராதாகிருஷ்ணன் நாகர்கோவிலிலிருந்து, சி.பி. ராதாகிருஷ்ணன் கோயம்புத்தூரிலிருந்து. அப்புறம்தான் பாதை பிரிகிறது. பொன்னார் 2014-ல் கன்னியாகுமரித் தொகுதியில் வென்று மத்திய இணையமைச்சரானார். சி.பி. ராதாகிருஷ்ணன் ஜார்க்கண்ட், மகாராஷ்டிர ஆளுநராக இருந்து துணைத் தலைவர் பதவிக்குப் போனார்.

நாட்டின் முதல் துணைத் தலைவரும் ஒரு ராதாகிருஷ்ணன்தான்: சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1952 முதல் 1962 வரை. அந்தத் தத்துவ அறிஞரின் நினைவாகத்தான் மகனுக்கு இந்தப் பெயரை வைத்ததாக சி.பி. ராதாகிருஷ்ணனின் தாயார் செய்தியாளர்களிடம் சொன்னார். தலைவரின் பெயரை வைக்கும் வழக்கம், பெயரை மட்டுமல்லாமல் பதவியையும் ஒன்றாக்கிவிட்ட அபூர்வமான இடம் இது.

இதோடு முடியவில்லை. 2009 முதல் 2014 வரை இஸ்ரோ தலைவராக இருந்தவர் கேரளத்தின் கே. ராதாகிருஷ்ணன். சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் ஆட்சியராகவும், கொரோனா காலத்தில் சுகாதாரச் செயலராகவும் அறியப்பட்டவர் ஜெ. ராதாகிருஷ்ணன். ஆண்டையும் பதவியையும் சேர்த்துச் சொல்லாமல் 'ராதாகிருஷ்ணன் பேட்டி' என்று எழுதுவது வாசகரைத் தவிக்க விடுவது.

எல்லையோரத்தின் கூடுதல் சுமை

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் தமிழ்ச் செய்தியும் மலையாளச் செய்தியும் ஒரே வீட்டில் ஓடும். அதனால் ஒரே பெயர்க்காரர்களின் எண்ணிக்கை இங்கே இரட்டிப்பாகிறது. 2018 நவம்பரில் 'சசிகலா கைது' என்ற செய்தி வந்தது. தமிழ்ச் செய்தி மட்டும் பார்ப்பவருக்கு, ஏற்கெனவே பெங்களூரு சிறையில் இருக்கும் வி.கே. சசிகலாவை எப்படிக் கைது செய்ய முடியும் என்று தலை சுற்றும். கைதானவர் சபரிமலைக்குப் போன கேரளத்து இந்து அமைப்புத் தலைவர் கே.பி. சசிகலா. இவர்கள் போதாதென்று, அ.தி.மு.க. எம்.பி.யாக இருந்து பின்னர் பா.ஜ.க.வுக்குப் போன சசிகலா புஷ்பாவும் இருக்கிறார்.

விஜய் கதையும் இப்படித்தான். 2021 இடைத்தேர்தலிலும் 2024-லும் கன்னியாகுமரியில் வென்ற காங்கிரஸ் எம்.பி. விஜய் வசந்த், நடிகரும்கூட. 2024 பிப்ரவரியில் நடிகர் விஜய் கட்சி தொடங்கிய பிறகு, இந்தத் தொகுதிச் செய்தியில் 'விஜய்' என்று மட்டும் எழுதுவது ஆபத்தான சுருக்கம்.

ஜியாவும் ரஹ்மானும்

நாட்டு எல்லையைத் தாண்டினால் ஜியாக்கள். ஜியா உல் ஹக் பாகிஸ்தானின் ராணுவத் தளபதி, அதிபர். 1988-ல் விமான விபத்தில் இறந்தார். ஜியாவுர் ரஹ்மான் வங்கதேசத்தின் ராணுவத் தளபதி, அதிபர்; 1981-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். காலிதா ஜியா இந்த இரண்டாமவரின் மனைவி. முஜிபுர் ரஹ்மானுக்கும் ஜியாவுர் ரஹ்மானுக்கும் உறவில்லை. 'ரஹ்மான்' இறைவனின் திருப்பெயர்களில் ஒன்று, குடும்பப் பெயர் இல்லை. நம் பள்ளி விழாக்களில் அபுல் கலாம் ஆசாத்தும் ஏ.பி.ஜே. அப்துல் கலாமும் அடிக்கடி இடம் மாறிவிடுகிறார்கள். நவம்பர் 11-ல் கொண்டாடும் தேசியக் கல்வி தினம், முதல் கல்வி அமைச்சர் ஆசாத்தின் பிறந்தநாள். ராமேஸ்வரத்துக் கலாமின் பிறந்தநாள் அக்டோபர் 15.

பெயர் வாக்காக மாறும்போது

இதுவரை சொன்னதெல்லாம் குழப்பம். தேர்தலில் அது ஆயுதமாகிறது.

1. 2004-ல் ஆலப்புழையில் காங்கிரஸின் வி.எம். சுதீரன் 1,009 வாக்குகளில் தோற்றார். வி.எஸ். சுதீரன் என்ற சுயேச்சை வாங்கிய வாக்குகள் 8,282.
2. 2016-ல் கேரளத்தின் வடகோடியான மஞ்சேஸ்வரத்தில் கே. சுரேந்திரன் தோற்றது 89 வாக்குகளில். கே. சுந்தரா என்ற வேட்பாளர் 467 வாக்குகள் வாங்கினார்.
3. 2014-ல் சத்தீஸ்கரின் மகாசமுந்தில் சந்துலால் சாகு, அதே போன்ற பெயருடைய பத்துப் பேரைச் சமாளித்து, அஜித் ஜோகியை 1,217 வாக்குகளில் வென்றார்.
4. 2024-ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, பட்டியலில் மேலும் ஐந்து ஓ. பன்னீர்செல்வங்கள் இருந்தார்கள். முன்னெழுத்து உட்பட எல்லாம் ஒன்று. அவர் பலாப்பழச் சின்னத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்து இரண்டாமிடம் பிடித்தார்.

ஒரே பெயர்க்காரரை நிறுத்துவது சட்டவிரோதமா? இல்லை. மக்களவைத் தேர்தலுக்குப் பொதுப்பிரிவு வேட்பாளர் 25,000 ரூபாய் காப்புத்தொகை கட்டி, சுயேச்சையானால் பத்து வாக்காளர்களின் முன்மொழிவையும் பெற்றால் யாரும் நிற்கலாம். இதைத் தடுக்கக் கோரிய வழக்கை 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவரின் போட்டியிடும் உரிமையைப் பறிக்க முடியாது என்பதே நீதிபதிகளின் எண்ணம். அது சரியான நிலைதான். எம்.ஆர். காந்தியும் சி.பி. ராதாகிருஷ்ணனும் தங்கள் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் இல்லையே. தடுக்க வேண்டியது பெயரை அல்ல, குழப்பத்தை.

அதற்கு விதிகளில் வழி உண்டு. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள்படி, இரண்டு வேட்பாளர்களுக்கு ஒரே பெயர் இருந்தால் தொழிலையோ வசிப்பிடத்தையோ சேர்த்து அவர்களை வேறுபடுத்த வேண்டும். நம் ஊர்க்காரர்கள் 'குமரி', 'நாஞ்சில்' என்று செய்ததைத்தான் சட்டமும் சொல்கிறது. 2015 மே முதல் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் படமும் வருகிறது. 2025 பீகார் தேர்தலிலிருந்து அது வண்ணப்படம்.

வாசகரும் வாக்காளரும் பார்க்க வேண்டியவை

1. செய்தியில் பெயரைப் பார்த்ததும் முன்னெழுத்தைத் தேடுங்கள். தலைப்பில் இல்லாவிட்டால் முதல் பத்தியில் இருக்கும். அங்கும் இல்லாத செய்தியைப் பகிராதீர்கள்.
2. ஊர், பதவி, ஆண்டு ஆகிய மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். நாராயணன்கள் விஷயத்தில் மாவட்டமும் துறையும் பொருந்திவிடும், ஆண்டுதான் காட்டிக்கொடுக்கும்: 1994-ல் கைதானவருக்கு 2025-ல் வயது 83.
3. இறப்பு, கைது, விருது ஆகிய மூன்று செய்திகளிலும் படத்தை நம்பாதீர்கள். தேடுபொறி ஒரே பெயருக்கு வேறொருவரின் படத்தை எடுத்து ஒட்டுவது சாதாரணமாக நடக்கிறது.
4. விக்கிப்பீடியாவில் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று வரும் பக்கங்கள் இதற்காகவே உள்ளவை. ஒரே பெயர்க்காரர்கள் எல்லோரும் ஒரே பட்டியலில் கிடைப்பார்கள்.
5. வாக்குச்சாவடியில், ஒரே பிரிவு வேட்பாளர்கள் (சுயேச்சைகள் ஒரு பிரிவு என்பதுபோல) அகர வரிசையில் வருவதால் ஒத்த பெயர்கள் அடுத்தடுத்த வரியில் நிற்கும். வரிசை எண்ணையும் சின்னத்தையும் வீட்டிலிருந்தே மனதில் வைத்துக்கொண்டு போங்கள். பொத்தானை அழுத்தும் முன் உதவிக்குப் படம் இருக்கிறது. அழுத்திய பின் பக்கத்துக் கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரியும் ஒப்புகைச் சீட்டில் படம் இருக்காது. வரிசை எண், பெயர், சின்னம் மட்டுமே இருக்கும். பெயர் ஒன்றாக இருக்கும் இடத்தில், பார்க்க வேண்டியது மற்ற இரண்டையும்தான்.